சாதனை தசரதனின் துடுப்பு

தசரதன் என்று கேட்டால் லைட்ஹவுஸ் குப்பத்தில் பாதிப் பேருக்குச் சட்டென்று தெரியாது. சாதனை வீடு எது என்று கேட்டால் பொடிசுகள்கூடக் கையைக் காட்டும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். சிரித்துக்கொண்டே வைத்தேன். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் நான் எழுந்து கொட்டகைக்குள் போய்விடுகிறேன்.

நான் சாம்சன். ஏரிக்கரையில் படகுகள் கட்டிக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டு, இருபத்திரண்டு வருடமாகப் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்பானரைவிட வாயைத்தான் அதிகம் திருப்புகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். அதனால் வந்த வினையையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தசரதனுக்கு நாற்பத்து மூன்று வயது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். அவனுக்கென்று ஒரு ஃபைபர் படகு, ஒரு டீசல் எஞ்சின், கொஞ்சம் வலை, காந்தா என்ற மனைவி. பிள்ளை இல்லை. ஆனால் காந்தாவின் தம்பி சுபாஷ் இருந்தான். அவனுக்கு மூன்று வயதில் தாய் போய்விட, அக்காதான் சோறு ஊட்டி வளர்த்தாள். அவளைத் தசரதன் கட்டிக்கொண்டு வந்தபோது சுபாஷுக்கு ஏழு வயது. சீர்வரிசைப் பாத்திரங்களோடு அவனும் ஒரு குடமாக வந்து இறங்கினான் என்று கேலி செய்வேன். இருபத்தாறு வயதிலும் மாமனை விட்டு அவன் நகரவில்லை. இருவரும் ஒரே படகில் போய் ஒரே படகில் வருவார்கள். ஆவணியில் சுபாஷுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள்.

தசரதனுக்கு அந்தப் பித்து பிடித்தது புயல் வருடத்துக்கு அடுத்த வருடம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, ஏரியிலிருந்து கடலுக்குப் படகு போக முடியாமல் எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். சிலர் சீட்டு ஆடினார்கள். தசரதன் போனைத் திறந்தான். அதில் ஒரு கணீர்க் குரல். நிமிடத்துக்கு ஒரு சாதனையாளர் கதை. உலகத்தை மாற்றியவர்கள் எப்படி நினைத்தார்கள், நீ ஏன் அப்படி நினைப்பதில்லை என்று அந்தக் குரல் ஒவ்வொரு கதையின் முடிவிலும் கேட்கும். மற்றவர்கள் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். தசரதன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

பல்பு கண்டுபிடித்த எடிசன் ஆயிரம் தடவை தோற்றாராம். முகத்துவாரம் திறந்ததும் தசரதன் பதினோரு நாள் ஒரே இடத்தில் வலை விட்டான். பதினோரு நாளும் பிளாஸ்டிக் பையும் குச்சி நண்டும்தான் வந்தன. நெப்போலியன் நாலு மணி நேரம்தான் தூங்குவானாம். இவனும் அப்படியே செய்தான், மூன்றாம் நாள் சுக்கானைப் பிடித்தபடி தூங்கிப்போய்ப் படகை மணல் திட்டில் ஏற்றினான். சுபாஷ்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினான். கிரேக்க தேசத்தில் ஒருவன் திக்குவாய் போக வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துப் பேசுவானாம். தசரதனுக்குத் திக்குவாய் இல்லை, நம் கரையில் கூழாங்கல்லும் இல்லை. மட்டிச் சிப்பியை வாயில் அடக்கிக்கொண்டு பேசினான். அன்றைக்குத்தான் நான் அவனுக்குச் சாதனை என்று பெயர் வைத்தேன். ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் குரல் சொன்ன ஏதோ ஒரு கதையைக் கேட்டுத்தான் அவன் குடியை விட்டான். பதினைந்து வருடக் குடி. காந்தா கெஞ்சி நடக்காதது, எல்லையம்மனுக்கு வேண்டி நடக்காதது, ஒரு நிமிடக் கதையில் நடந்தது. அதனால் காந்தாவுக்கு அந்தக் குரல்மேல் நன்றி. போனுக்குச் சூடம் காட்டாத குறைதான். அந்த நன்றியால்தான் பின்னால் அவளால் வாய் திறக்க முடியாமல் போயிற்று.

சித்திரை முடிந்து வைகாசி பிறந்த வாரம் அவன் என் கொட்டகைக்கு வந்தான். கையில் போன். கேள் என்று என் முன்னால் நீட்டினான். கோர்ட்டெஸ் என்று ஒரு தளபதி. கடல் தாண்டி வேற்று நாட்டில் இறங்கியதும் முதல் வேலையாக, வந்த கப்பல்களை எரிக்கச் சொன்னானாம். திரும்பிப் போக வழி வைத்திருப்பவன் முன்னால் போக மாட்டான், வழியை எரித்தவன்தான் ஜெயிப்பான் என்று அந்தக் குரல் முழங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படகைக் கொளுத்திவிட்டு நீந்திக்கொண்டா மீன் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.

"படகு இல்ல சாம்சா. படகுல திரும்பி வர்றதுக்குனு இன்னா கீதோ, அத்த."

எங்கள் பக்கத்துப் படகுகளில் மூன்று சாமான் சும்மாவே கிடக்கும். ஒரு துடுப்பு, தார்ப்பாய்த் துணியில் தைத்த ஒரு சின்னப் பாய், ஒரு நங்கூரம். வருடத்தில் முந்நூறு நாள் அவை காலை இடறும். எஞ்சின் நின்றுபோகிற அன்று மட்டும் அவைதான் தாய் தகப்பன். நங்கூரத்தைப் போட்டால் காற்று படகை இழுத்துக்கொண்டு போகாது. துடுப்பு இருந்தால் படகின் முகத்தை அலைக்கு நேராகப் பிடிக்கலாம். பாய் இருந்தால் ஊர்ந்தாவது கரை சேரலாம். தசரதனின் கணக்கு வேறு. இந்த மூன்றும் இருப்பதால்தான் லைட்ஹவுஸ் கண்ணுக்கு மறைகிற இடம் வந்ததும் தன் மனசு திரும்பிவிடுகிறது என்றான். பயத்தைச் சுமந்துகொண்டு போய்ப் பயத்தோடு திரும்பி வருகிறோம் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பேஜாரு, அவன் சொல்வது எப்போதும் கேட்க நன்றாக இருக்கும்.

அப்புறம் என்னைக் கேட்டான், நான் கை வைத்த எஞ்சின் நடுக்கடலில் நிற்குமா என்று. டீ குடிக்க வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் எனக்கு மீசை துடித்தது.

"என் கை பட்ட எஞ்சின் நின்னா, இந்தக் கைய வெட்டி ஏரில போட்டுர்றேன்டா."

அப்ப செரி என்று எழுந்து போய்விட்டான். நான் டீயைக் குடித்துவிட்டு மறந்தே போனேன்.

அன்று சாயங்காலம் அவன் துடுப்பை மூன்று துண்டாக வெட்டி வாசலில் இருந்த விறகடுப்பில் வைத்தான். அந்த நெருப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்தது. காந்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சுபாஷ் சாப்பிட்டான், மாமன் போட்டால் விஷத்தையும் சாப்பிடுவான் அவன். பாய் பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாயிற்று. நங்கூரத்தைப் பழைய இரும்புக்காரன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

தோற்றிருந்தால் தப்பித்திருப்பான். அவன் ஜெயித்தான். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடல் எங்கள் சின்னப் படகுகளுக்குத் திறந்து கிடந்தது. மற்றவர்கள் வழக்கமான ஆழத்தில் நிற்க, சாதனை மட்டும் லைட்ஹவுஸ் மறைந்தும் போய்க்கொண்டே இருந்தான். வஞ்சிரமாகக் கொண்டுவந்து கொட்டினான். ஒரு நாள் இல்லை, மூன்று வாரம். ஏலத்தில் அவன் கூடையைச் சுற்றித்தான் கூட்டம். சாதனை என்று கூப்பிடும்போது யாரும் சிரிப்பதில்லை என்பதை ஒரு நாள் கவனித்தேன். எனக்கு என்னவோ போல் இருந்தது. பிரபாகரன் என்று ஒரு படகுக்காரன், நல்ல விவரமானவன், அவனே வந்து தானும் நங்கூரத்தை இறக்கிவிடலாமா, கனம் குறையும் அல்லவா என்று என்னிடம் கேட்டான். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஆனால் கையை வெட்டிக்கொள்கிறேன் என்று ஊரறியச் சொன்னவன் நான். எந்த மூஞ்சியோடு வேண்டாம் என்பது? உன் இஷ்டம் என்றேன்.

ஆடி பிறந்தது. மேல்காற்று. கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று அது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஃபைபர் படகு எந்த மூலைக்கு? ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காந்தா கொட்டகைக்கு வந்தாள். அவள் அப்படித் தனியாக வருகிறவள் இல்லை. எஞ்சினைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அப்புறம் ஒரு துடுப்பு வேண்டும் என்றாள். வீட்டுக்காரரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னா குடிக்க ஆரம்பிச்சுடுவாரோனு பயமா கீது அண்ணா. சொல்லாட்டியும் பயமா கீது. எனக்கு இருக்கறது ரெண்டு உசுரு. ரெண்டும் ஒரே படகுல போவுது."

என் கொட்டகையில் ஒரு பழைய துடுப்பு இருந்தது. அகலமான முனை விரிசல் விட்டதால் அதன்மேல் நீலத் தகரம் வைத்து ஆணி அடித்திருந்தேன். தசரதன் டீசல் வாங்கப் பாலம் தாண்டி பஜாருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நானும் அவளும் திருடர்கள் மாதிரி அவன் படகில் ஏறினோம். வலைக் குவியலைத் தூக்கி அடியில் துடுப்பை வைத்து மேலே பழையபடி போட்டோம். காந்தா வலையைக் கையால் தடவித் தடவிச் சரிசெய்தாள். எனக்கு நெஞ்சுச் சுமை இறங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை விடியலில் இருவரும் போனார்கள். பத்து மணி இருக்கும், கடல்தண்ணீர் ஏரிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவுகிற குப்பம்மாள், ஈரப் புடவையோடு என் கொட்டகைக்கு வந்தாள். தோளில் ஒரு துடுப்பு. இந்தா உன் துடுப்பு, தண்ணியோட மிதந்து வந்துச்சி, நீலத் தகரத்தப் பாத்து உன்னுதுனு எடுத்தாந்தேன் என்று சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

நழுவி விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தனை வலைக்கு அடியில் கிடந்த துடுப்பு தானாக நழுவாது. எடுத்து எறிந்திருக்கிறான்.

அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும். காந்தாவிடம் சொல்லியிருக்க வேண்டும், கரையில் இருந்த இரண்டு படகைக் கிளப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? துடுப்பை டீசல் டிரம்முக்குப் பின்னால் வைத்து ஒரு கோணிச் சாக்கைப் போட்டு மூடினேன். இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவான், எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும், எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரைக் கூட்டினால் என் எஞ்சினை நானே நம்பவில்லை என்று ஆகிவிடுமே. அதுதான் உள்ளே இருந்த காரணம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு ஆயிற்று. மூன்று ஆயிற்று. மற்ற படகுகள் வந்துவிட்டன. காற்றில் கொட்டகையின் தகரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்குக் காந்தா வந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் முகமே சொல்லியிருக்க வேண்டும். கொட்டகையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். நேராக டிரம்முக்குப் பின்னால் போய்ச் சாக்கை விலக்கினாள். துடுப்பு இன்னும் காயவில்லை.

"எப்போ வந்துச்சி?"

காலையில் என்றேன்.

"காலைல," என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். அழவில்லை. துடுப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

பதினோரு படகுகள் தேடப் போயின. கடலோரக் காவல்படைக்குச் சொன்னோம். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிறு காலையில் ஆந்திராவிலிருந்து போன் வந்தது. வடக்கே வெகு தூரத்தில் தெலுங்கு மீனவர்கள் ஒரு படகைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். ஆள் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். எத்தனை பேர் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வேன் பிடித்துக் கிளம்பினோம். ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னோம். பாவம், நல்ல மனுஷர், எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறீர்கள் என்று கேட்டார். "ரெண்டு பேரு," என்றாள் காந்தா.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில்தான் காட்டினார்கள். தசரதன் உதடு வெடித்து, தோல் உரிந்து கிடந்தான். பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ கிழவர். காந்தா அந்தக் கிழவரைக்கூட உற்றுப் பார்த்தாள்.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன். காலையில் முகத்துவாரம் தாண்டும்போது சுபாஷ் வலையைப் பிரித்திருக்கிறான். அடியில் துடுப்பு. அக்கா வேலைதான் என்று சிரித்திருக்கிறான். இருக்கட்டுமே மாமா, யாருக்கு என்ன பாரம் என்று கேட்டிருக்கிறான். தசரதன் வாங்கித் தண்ணீரில் வீசினான். திரும்பிப் பார்க்கிறவன் ஜெயிக்க மாட்டான் என்று அவனுக்குப் பாடம் வேறு நடத்தினான். மீன் நன்றாகவே கிடைத்தது. திரும்பி வரும்போது உச்சி வேளை. லைட்ஹவுஸ் விரல் அளவுக்குத் தெரிகிறது. யாரோ அறுத்துப் போட்ட வலை ஒன்று மிதந்து வந்து விசிறியில் சுற்றிக்கொண்டது. விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் முறிந்தது.

"எஞ்சின் நிக்கல சாம்சா," என்றான் எனக்கு ஆறுதல் சொல்கிறவன் மாதிரி. "எஞ்சின் ஓடினுதான் இருந்துச்சி. படகுதான் நவுரல."

சுபாஷின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. தசரதனின் போன் காலையிலிருந்து சாதனையாளர்களைப் பேசிப் பேசிச் செத்திருந்தது. நங்கூரம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பார்கள். சாயங்காலம் போன படகுகள் தேடியது அந்த இடத்தைத்தான். மேல்காற்று இழுத்துக்கொண்டே போயிற்று. விரல் அளவு லைட்ஹவுஸ் நகத்தளவு ஆயிற்று. அது முழுக்க மறைவதற்குள் நீந்திப் போய் ஆளைக் கூட்டி வருகிறேன் என்று சுபாஷ் சட்டையைக் கழற்றினான். காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். தசரதன் கூப்பிட்டிருக்கிறான். வந்துவிடு மச்சான், வந்துவிடு என்று குரல் கம்முகிற வரைக்கும்.

"ஒரு தபாகூட திரும்பிப் பாக்கல சாம்சா. நான்தான சொல்லிக் குடுத்தேன்."

சுபாஷ் கிடைக்கவில்லை. கேன் மட்டும் ஒன்பதாம் நாள் கரை ஒதுங்கியது. ஆவணி வந்தது, போயிற்று.

என் கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எஞ்சின் நிற்கவில்லையே, அதனால் பந்தயத்தில் நான் தோற்கவில்லையாம், ஊரில் ஒருவன் என்னிடம் அப்படியும் சொன்னான். இப்போதெல்லாம் யார் எஞ்சின் கொண்டுவந்தாலும் முதலில் அவன் படகில் ஏறித் துடுப்பும் நங்கூரமும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லாவிட்டால் ஸ்பானரைத் தொடுவதில்லை. சாம்சனுக்கு மறை கழன்றுவிட்டது என்கிறார்கள். பிரபாகரன் நங்கூரத்தைத் திரும்ப ஏற்றிவிட்டான். ஆனால் அவன் படகில் அந்தக் கணீர்க் குரல் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தத் தளபதி யார், அவனுக்கும் எங்கள் குப்பத்துக்கும் என்ன பகை? என் மகள் பெனிட்டா பொன்னேரியில் காலேஜில் சரித்திரம் படிக்கிறாள். அவளைக் கேட்டேன். என் தகப்பன் வழி ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கம், அந்தத் தெலுங்குப் பழக்கத்தில் அவளும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, நைனா, அவன் கப்பலை எரிக்கவே இல்லை என்றாள். கரைதட்ட வைத்து உடைத்தானாம். அதற்கு முன்னால் பாய், கயிறு, இரும்பு எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டானாம். இரண்டு வருடம் கழித்து அங்கே ஒரு பெரிய ஏரியில் புதுப் படகுகள் கட்ட அதுதான் உதவியதாம். அந்த ஏரிக்கரை ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். அதைக் கேட்காதே நைனா என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

நேற்று சாயங்காலம் காந்தா வீட்டுக்குப் போனேன். வாசலில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தாள். நாலு அடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து தசரதன் வலை முடிந்துகொண்டிருந்தான். அவன் இப்போது குடிப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. போனை எப்போதோ அடுப்பில் போட்டுவிட்டான். நான் குரலைத் தாழ்த்திக் காந்தாவிடம் பெனிட்டா சொன்னதைச் சொன்னேன். அவள் கருவாட்டைக் கூடையில் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் எரிச்சானோ ஒடைச்சானோ, எனக்கு இன்னாத்துக்கு? துடுப்ப இன்னா பண்ணான், அத்த சொல்லு."

துடுப்பைப் பற்றிப் பெனிட்டா எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாயும் கயிறும் எடுத்து வைக்கிறவன் துடுப்பை விடுவானா?

"எடுத்து வெச்சிக்கினானாம்மா," என்றேன்.

அவள் கை நின்றது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"இத்த அவருகிட்ட சொல்லிடாத அண்ணா."

நான் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தேன். தசரதன் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை அவன் கையில் ஓடிக்கொண்டிருந்த வலை ஊசி கண்ணிக்குள் பாதி நுழைந்தபடி நின்றிருந்தது. நான் கிளம்பும்வரை அது நகரவில்லை.